பூந்திக்கொட்டையில் துணி துவைத்தால் செலவு குறையுமா?

‘ஏற்காடு மலையில் காப்பித் தோட்ட வேலை. தினமும் நாலு பேர் துணி. சோப்புத் தூளுக்கே மாதம் ஒரு தொகை போகிறது. பூந்திக்கொட்டையில் துவைத்தால் கட்டுபடியாகுமா?’ என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். மலையிலும் அடிவாரத்திலும் இருக்கிற பல வீடுகளுக்கு இந்தக் கேள்வி பொருந்தும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பூவந்தி, பூந்திக்காய் என்றும் சொல்வார்கள். பாட்டி காலத்தில் பட்டுப்புடவை அலசவும், நகை துலக்கவும், தலைக்குத் தேய்க்கவும் இதுதான். இதன் தோலில் ‘சபோனின்’ என்ற சத்து இருக்கிறது. தண்ணீரில் நுரைத்து அழுக்கைப் பிரிப்பது இதுவே. உள்ளே இருக்கும் கறுப்பு விதை துவைக்க உதவாது.

தண்ணீரைப் பொறுத்தது

மலை மேல் ஊற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் பெரும்பாலும் மென்மையானவை. அடிவாரத்தில் கதை வேறு. சேலம், கருப்பூர் பக்கம் மாக்னசைட் எடுக்கும் வெள்ளைக்கல் சுரங்கங்கள் உண்டு. அந்தப் பாறை வழியே வரும் போர்த் தண்ணீரில் மெக்னீசியம் கலந்து உப்புத் தட்டும். இதில் கட்டி சோப்பு போட்டால் நுரை வராமல் திரிதிரியாகத் திரியும். பூந்திக்கொட்டை அப்படித் திரியாது. இருந்தாலும், உப்புத் தண்ணீராக இருந்தால் ஒரு பக்கெட்டுக்கு ஒரு மேஜைக்கரண்டி சலவை சோடா சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் வெள்ளாவிக்கு உவர்மண் போட்டதும் இதே காரணத்தால்தான். அதில் இருப்பதும் சோடா உப்பே.

செய்முறை

1. விதை நீக்கிய காய்ந்த தோல் 100 கிராம் எடுத்து, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள்.
2. காலையில் சிறு தீயில் 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். பொங்கி வழியும் என்பதால் பாத்திரம் பாதிதான் நிரம்பியிருக்க வேண்டும்.
3. ஆறியதும் நன்றாகப் பிசைந்து, துணியில் வடிகட்டுங்கள். சுமார் ஒரு லிட்டர் கரைசல் கிடைக்கும்.
4. அரை பக்கெட் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 100 மில்லி ஊற்றி, துணியை அரை மணி நேரம் ஊற வைத்துத் துவையுங்கள்.

கரைசல் மூன்று, நான்கு நாளில் புளித்துவிடும். அதனால் அந்தச் சில நாளுக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள். காய்களை வெயில் காலத்திலேயே நன்றாகக் காயவைத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். மழை, பனி நாளில் திறந்து கிடந்தால் பிசுபிசுத்துப் பூசணம் பிடிக்கும்.

எதற்கு ஆகும், எதற்கு ஆகாது?

தினசரி கட்டும் சேலை, லுங்கி, பட்டு, கம்பளி, ஸ்வெட்டர் ஆகியவற்றுக்கு நன்றாக இருக்கும். வெள்ளை வேட்டியைப் பளிச்சென்று ஆக்காது. கரைசலை நேராக ஊற்றினால் பழுப்புக் கறையும் படியும். எண்ணெய், கிரீஸ் கறைக்குச் சோப்பு வேண்டும், இல்லையென்றால் சலவை சோடா போட்ட சுடுதண்ணீர் வேண்டும். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா போடக் கூடாது. பூச்சிமருந்து அடித்த துணியை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகச் சோப்புப் போட்டுத் துவையுங்கள்.

கணக்கு

ஒரு கிலோ தோலில் 10 லிட்டர் கரைசல், அதாவது 100 தடவை துவைக்கலாம். தோல் கிலோ 200 ரூபாய் என்று வைத்தால், ஒரு தடவைக்கு 2 ரூபாய். விறகுச் செலவு தனி. இதை நீங்கள் இப்போது போடும் தூளின் செலவோடு ஒப்பிடுங்கள். விதையோடு வாங்கினால் ஏறக்குறைய பாதி எடை விதைக்கே போய்விடும் என்பதையும் மறக்காதீர்கள். வெளிப்படையாகச் சொன்னால், நாட்டு மருந்துக் கடையில் சில்லறையாக வாங்கித் துவைப்பவர்களுக்கு மிச்சம் பெரிதாக இருக்காது. வரப்பில் மரம் இருப்பவர்களுக்கும், காட்டில் பொறுக்கும் உரிமை உள்ளவர்களுக்கும்தான் உண்மையான லாபம். 2006 வன உரிமைச் சட்டம் சிறுவன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடியினருக்கு உரிமை தந்திருக்கிறது. விற்பதற்கு முன் வீட்டுக்கு வேண்டியதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மரம் இல்லாதவர்கள் வேலியோரம் இரண்டு கன்று வையுங்கள். விதையின் ஓடு கெட்டி. ஒரு நாள் ஊற வைத்து விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். காய்க்கப் பல ஆண்டு ஆகும், பிறகு பிள்ளைகள் காலம் வரை காய்க்கும்.

கேட்கப்படும் சில சந்தேகங்கள்

கழிவுத் தண்ணீரை என்ன செய்வது? வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். சோடா கலந்த தண்ணீரைத் தொடர்ந்து ஒரே இடத்தில் விட்டால் மண் கெட்டிப்படும். மீன் குட்டையிலும் ஓடையிலும் பூந்திக்கொட்டைக் கரைசலைக் கலக்கவே கூடாது, மீன் செத்துவிடும்.

வயலுக்குப் பயன்படுமா? வேப்பெண்ணெய் தண்ணீரில் கலக்காமல் மிதக்கும். 10 லிட்டர் டேங்குக்கு 30 மில்லி எண்ணெய் என்றால், முதலில் எண்ணெயோடு இந்தக் கரைசலைச் சேர்த்துப் பால் போல ஆகும்வரை அடித்து, பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றிரண்டு செடியில் தெளித்துப் பார்த்த பிறகு மற்றவற்றுக்கு அடியுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில்? கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், உடனே நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். தோலைத் தூளாக இடிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். கரைசலைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.