முன் சில்லின் இயக்கு தண்டைக் கழற்றுதல்



முற்காலத்து மோட்டார்க் கார்களிற் பெரும்பாலானவற்றைப் பின் சில்லுகளே உந்தின. முன் சில்லுகள் திசைதிருப்பும் வேலையை மட்டும் செய்தன. 1959ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த மினி போன்ற கார்களோ இவ்விரு வேலைகளையும் முன் சில்லுகளிடமே ஒப்படைத்தன. இன்று நம் வீதிகளில் ஓடும் சிறிய கார்களிற் பலவும் இவ்வகையினவே.

சில்லு எப்பக்கம் திரும்பினும் சுழற்சி தடைப்படாதிருத்தற்பொருட்டு, அதனை இயக்கும் தண்டின் இரு முனைகளிலும் மூட்டுகள் உள. அவற்றை மூடியுள்ள இறப்பர் உறை கிழிந்தால் கிறீஸ் வெளியேறும். மணலும் நீரும் உட்புகும். வளைவில் திரும்பும்போது 'டக் டக்' என்னும் ஒலி எழுமாயின், வெளிமூட்டு தேய்ந்திருத்தல் கூடும்.

இத்தண்டை வீட்டிலேயே கழற்றலாம். ஆயின், ஜாக்கை மட்டும் நம்பிக் காரின் கீழ் நுழைதல் ஒருபோதும் ஆகாது. காரைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிறேக்கை இழுத்து, பின் சில்லுகளுக்கு ஆப்பு வைக்கவேண்டும். கார் தரையில் நிற்கும்போதே, ஒருவர் பிறேக்கை மிதித்திருக்க, சில்லின் நடுவிலுள்ள பெரிய நட்டைத் தளர்த்துக. பல கார்களில் இது 150 நியூட்டன் மீற்றருக்கும் மேலாக முறுக்கப்பட்டிருக்கும். காரை உயர்த்திய பின்னர் அதனோடு போராடினால் கார் சரிந்துவிடலாம். பின்பு உயர்த்தி, இரும்புத் தாங்கிகளில் நிறுத்தி, சில்லைக் கழற்றி, கியர்ப்பெட்டி எண்ணெயை வடித்துக்கொள்க.

அடுத்து, கீழ்க்கரத்தையும் சில்லுக்குடத்தையும் பிணைக்கும் பந்துக்கிண்ண மூட்டைப் பிரித்து, குடத்தை வெளிப்புறமாகச் சாய்த்தால் தண்டின் வெளிமுனை விடுபடும். இறுகியிருப்பின், நட்டை நுனிமட்டத்தில் திருகிவிட்டு, மரக்கட்டையை இடையில் வைத்து மெல்லத் தட்டுக; வெறுஞ் சுத்தியலால் அடித்தால் புரி நசுங்கும். குடத்தின் பாரம் பிறேக் குழாயில் தொங்காதவாறு கம்பியாற் கட்டிவைத்தல் வேண்டும்.

உள்முனையை எடுக்கத் தண்டைப் பிடித்து இழுக்கலாகாது, மூட்டு பிரிந்துவிடும். கியர்ப்பெட்டிக்கும் மூட்டுக்கும் இடையே நெம்புகோலை இட்டு, எண்ணெய்த் தடுப்பு வளையத்திற் படாமல் நெம்புக.

தண்டு இல்லாத நிலையில் காரைத் தரையில் இறக்கி உருட்டினால் சில்லின் பெயரிங் பழுதடையலாம். மீளப் பூட்டும்போது புதிய நட்டையும் தண்டின் முனையிலுள்ள பூட்டுவளையத்தையும் புதிதாக இட்டு, காரின் கையேடு கூறும் அளவுக்கு முறுக்கி, எண்ணெயை நிரப்பவேண்டும்.

உறுதியான தாங்கிகள் இல்லாதவர்கள் இவ்வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நன்று. மிஞ்சும் கூலி உயிருக்கு ஈடாகாது.