மெல்லிய குரலும் கேட்கட்டும்: இணையவழிக் குடும்பக் கலந்தாய்வு

அண்மையில் எங்கள் பிரிவில் சேர்க்கப்பட்டிருந்த 72 வயதுப் பெரியவர் ஒருவருக்கு, நீரிழிவின் விளைவாக வலக்காலின் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. அவற்றை உடனே அகற்றுவதா, மருந்துகளுடன் சில நாள் பொறுத்துப் பார்ப்பதா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. மனைவி உடனிருந்தார். மகன் சிங்கப்பூரில், மகள் மதுரையில். நாங்கள் ஒருவரிடம் சொன்னது அடுத்தவரைச் சென்றடையும்போது பொருள் மாறிவிட்டது. “விரலை எடுக்க வேண்டும்” என்றது, “காலை எடுக்கப் போகிறார்கள்” என்று மகளை எட்டியிருந்தது. ஆகவே, அனைவரும் ஒரே நேரத்தில் ஒரே விளக்கத்தைக் கேட்கும் வகையில், இணையவழிக் குரல் கலந்தாய்வுக்கு ஏற்பாடு செய்தோம்.

இது எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்துகொண்டால், அதன் குறைகளையும் சமாளிக்கலாம். நாம் பேசும் ஒலியைக் கணினியோ கைப்பேசியோ எண்களாக மாற்றி, பெரும்பாலும் ஒரு விநாடியில் 50 சிறு பொட்டலங்களாக இணையத்தில் அனுப்புகிறது. நடுவில் உள்ள சர்வர், எல்லோருடைய குரலையும் பெற்று, ஒவ்வொருவருக்கும் மற்றவர்களின் குரலைத் திருப்பி அனுப்புகிறது. இணையம் இல்லாதவர்களுக்கென்று சில சேவைகளில் ஒரு தொலைபேசி எண் தரப்படும். அதை அழைத்து, கூட்டத்தின் எண்ணை அழுத்தினால், சாதாரண தொலைபேசியிலிருந்தும் சேர்ந்துகொள்ளலாம். மகள் அவ்வாறே சேர்ந்தார்.

இதில் மூன்று இடர்ப்பாடுகள் உண்டு. முதலாவது, தாமதம். ஒருவர் பேசியது மற்றவரை அடைய 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது. அது மிகும்போது, எதிர்முனையில் மௌனம் என்று எண்ணி இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவர். இரண்டாவது, இழப்பு. ஒரு பொட்டலம் தொலைந்தால் காதுக்குத் தெரியாது. தொடர்ந்து பல தொலைந்தால் ஓர் அசையே மறைந்துவிடும். ஆங்கிலத்தில் ‘ஃபிஃப்டீன்’ என்று சொன்னது ‘ஃபிஃப்டி’ என்று கேட்கக்கூடும். இன்சுலினைப் பொறுத்தவரை 15 யூனிட்டுக்கும் 50 யூனிட்டுக்கும் இடையே உள்ளது உயிராபத்து.

மூன்றாவதையே நாங்கள் முக்கியமாகக் கருதுகிறோம். பல சேவைகள் மின்விசிறி, வாகன இரைச்சல் போன்றவற்றைத் தாமாகவே அடக்குகின்றன. சில சேவைகள், ஒரே நேரத்தில் பலர் பேசினால், உரத்த குரல்கள் சிலவற்றை மட்டுமே தேர்ந்து அனுப்புகின்றன. இதனால் தளர்ந்த குரலில் பேசுபவர் காணாமல் போய்விடுகிறார். மருத்துவமனையில் அப்படிப் பேசுபவர் யார்? நோயாளிதான்.

அன்று நடந்ததும் அதுவே. பத்து நிமிடம் எல்லோரும் பேசினர். “அப்பா ஒண்ணுமே சொல்லலையே” என்றார் மகள். உண்மையில் அவர் இருமுறை பேசியிருந்தார். கட்டிலருகே நின்ற எங்களுக்கு மட்டுமே அது கேட்டது. மற்றவர்களைச் சற்றுப் பொறுக்கச் சொல்லி, கைப்பேசியை அவர் வாயருகே பிடித்தோம். “விரல் போனா போகுது. நான் நடக்கணும்” என்றார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு மகன், “எப்போ சார் ஆபரேஷன்?” என்று மட்டும் கேட்டார். இன்று அப்பெரியவர் அதற்கென்று செய்த காலணியுடன் நடமாடுகிறார்.

இத்தகைய கலந்தாய்வில் பங்கேற்கும் குடும்பத்தினரைக் கீழ்க்கண்டவற்றைப் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம்:

1. யார் யார் கேட்கலாம் என்பதை முன்னதாகவே நோயாளியிடம் கேட்டு, அவருடைய ஒப்புதலைப் பெறுங்கள். இணைப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் தொடக்கத்திலேயே தம் பெயரைச் சொல்லுங்கள். அவர் அறியாமல் பதிவு செய்யாதீர்கள்.

2. கைப்பேசி நோயாளியிடமிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். அவர் பேசும்போது மற்ற அனைவரும் தத்தம் ஒலிவாங்கியை அணைத்துவிடுங்கள்.

3. ஒரே அறையில் இரண்டு கருவிகளில் சேராதீர்கள், எதிரொலி எழும். இயன்றவர்கள் ஹெட்போன் அணியுங்கள்.

4. ஒருவர் முடித்த பின் மனத்திற்குள் இரண்டு எண்ணிவிட்டுப் பேசுங்கள்.

5. மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிக்கொண்டு, எங்களிடம் திரும்பப் படித்துக் காட்டுங்கள். அளவைத் தமிழில் ‘பதினைந்து’ என்றும், இலக்கமாக ‘ஒன்று, ஐந்து’ என்றும் சொல்லுங்கள்.

6. வெளிநாட்டில் இருப்பவரின் நேரத்தைக் கருத்தில் கொள்ளுங்கள். இங்கே மாலை 6 மணி என்றால் சிங்கப்பூரில் இரவு 8.30.

குரல் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. புண்ணின் நிறத்தையும் மூச்சுத்திணறலின் தீவிரத்தையும் கேட்டு மட்டும் அறிய இயலாது. எனவே, வீடு திரும்பிய பின் காய்ச்சல், புண்ணில் சீழ், திடீர்க் குழப்பம் ஆகியவை தோன்றினால், கலந்தாய்வுக்காகக் காத்திராமல் நேரில் அழைத்து வாருங்கள்.

கலந்தாய்வு தேவைப்படும் குடும்பத்தினர் வார்டு செவிலியரிடம் ஒருநாள் முன்னதாகத் தெரிவிக்கலாம். தொடங்கியதும் நாங்கள் முதலில் பேச அழைப்பது நோயாளியைத்தான். அவர் பேசி முடிக்கும் வரை, எத்தனை கடல் தாண்டி இருந்தாலும், நாம் அனைவரும் காத்திருப்போம்.