கிரீன் கார்டு: வரிசையில் வளரும் பிள்ளைகள்

புது தில்லி: அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை கோரும் இந்தியப் பணியாளர்களுக்கு ஆவணங்களைத் திரட்டுவது சில மாத வேலை, அதன் பின்னர் காத்திருப்பதோ பத்தாண்டுகளுக்கும் மேல்.

பிறப்பைப் பதிவு செய்யாதவர்கள், "பதிவு இல்லை' என்ற சான்றையும் பெற்றோர் அல்லது உறவினரின் உறுதிமொழிப் பத்திரத்தையும் இந்தியாவிலிருந்து பெற்றாக வேண்டும். இவை கையில் இருந்தாலும், வரிசையில் முறை வந்தால்தான் கிரீன் கார்டு கிடைக்கும்.

1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலைவாய்ப்பு அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1.40 லட்சம் கிரீன் கார்டுகள் ஒதுக்கப்படுகின்றன. குடும்பத்தினரும் இதே கணக்கில் அடங்குவர். ஒரு நாட்டவருக்கு 7 சதவீதமே உச்சவரம்பு. பிற நாட்டவர் பயன்படுத்தாத இடங்கள் மிஞ்சினால் மட்டுமே கூடுதலாகக் கிடைக்கும். இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே வரம்பு என்பதே சிக்கலின் வேர். உயர்கல்வித் தகுதியாளர்களுக்கான இரண்டாம் பிரிவில், 2025-ஆம் ஆண்டின் இறுதியில் 2013-ஆம் ஆண்டைச் சேர்ந்த இந்திய விண்ணப்பங்களுக்கே முறை வந்திருந்தது.

இதில் பெரிதும் பாதிக்கப்படுவோர் பிள்ளைகளே. 21 வயதானதும் பெற்றோரைச் சார்ந்த விசா தகுதியை அவர்கள் இழக்கின்றனர். மாணவர் விசா போன்ற மாற்று வழி கிடைக்காவிடில், வளர்ந்த நாட்டைவிட்டே வெளியேற நேரிடும். 2002-ஆம் ஆண்டுச் சட்டம் மனுவைப் பரிசீலிக்கும் காலத்தை மட்டுமே வயதிலிருந்து கழிக்கிறது. வரிசையில் கழிந்த ஆண்டுகளை அன்று.

வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-65 என்ற வாக்குகளில் நிறைவேறியது. 2020 டிசம்பரில் செனட் சபை அதனைத் திருத்தங்களுடன் ஏற்றது. இரு வடிவங்களும் ஒன்றுபடாமலேயே மசோதா காலாவதியானது.

இந்திய அரசு வலியுறுத்தலாம். வரம்பை மாற்றும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே உண்டு. அங்கு இந்தப் பிள்ளைகளுக்கு வாக்குரிமை இல்லை.