நடக்கும் படிக்கட்டு

பெரிய ரயில் நிலையங்களில் தானாக மேலேறிச் செல்லும் படிக்கட்டை இன்று நாம் யாவரும் கண்டிருக்கிறோம். அதன் முதற்படியில் கால் வைக்க அஞ்சி நிற்கும் மூதாட்டியர் சிலருக்குக் கைகொடுத்தும் இருப்போம். ஆங்கிலத்தில் அதற்கு ‘எஸ்கலேட்டர்’ என்று பெயர். அப்பெயரின் வரலாறு சுவையானது. துருக்கியர் அதே பொருளுக்கு வழங்கும் பெயரோடு ஒப்பிட்டால் இன்னும் சுவை தருவது.

எஸ்கலேட்டர் என்னும் சொல் வணிகத்திற்காக ஆக்கப்பட்டது. அமெரிக்கரான சார்லஸ் சீபெர்கர் என்பவர் அதனைப் படைத்தார். ஏணி, படிக்கட்டு எனப் பொருள்படும் ‘ஸ்காலா’ என்னும் லத்தீன் சொல்லே அதன் வேர். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் இவ்வியந்திரம் மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. பெயர் வணிகக் குறியாகப் பதிவு பெற்றிருந்தமையால், ஓட்டிஸ் கம்பெனியாரைத் தவிரப் பிறர் அதனைத் தம் சரக்குக்கு இடுதல் கூடாது. ஆனால் மக்கள் வாய்க்குப் பூட்டு ஏது? யார் செய்த படிக்கட்டாயினும் எஸ்கலேட்டர் என்றே அழைத்தனர். ஓட்டிஸ் கம்பெனியாரும் தம் விளம்பரங்களில் அதனைப் பொதுப்பெயர் போலவே கையாண்டனர். முடிவில், 1950-இல் அமெரிக்க அரசின் காப்புரிமை அலுவலகம் அப்பெயர் பொதுச்சொல்லாகிவிட்டது என்று தீர்ப்பளித்தது.

அச்சொல் கட்டடத்தை விட்டே வெளியேறியது. விலைவாசி ஏறும்போது ஊதியமும் உடன் ஏறவேண்டும் என்னும் ஒப்பந்த விதிக்கு ‘எஸ்கலேட்டர் விதி’ என்று பெயர் வந்தது. நம்மவர் பஞ்சப்படி என்றழைத்த, இந்நாளில் அகவிலைப்படி எனப்படும் தொகை அதனோடு ஒத்தது. அந்தப் படி வேறு, இந்தப் படி வேறு எனினும், இரண்டும் ஏறினால் நமக்கு மகிழ்ச்சியே! பெயரிலிருந்து ‘எஸ்கலேட்’ என்னும் வினையும் கிளைத்தது. 1960-களில் வியட்நாம் போர் படிப்படியாக முற்றியபோது, செய்தித்தாள்கள் அவ்வினையை ஓயாது எழுதின. இன்று சண்டை முற்றுவதையும், அலுவலகத்தில் ஒரு முறையீட்டை மேலதிகாரிக்குக் கொண்டுசெல்வதையும் அது குறிக்கின்றது.

துருக்கியர் இவ்வியந்திரத்தை ‘யூரூயென் மெர்திவென்’ என்பர். ‘யூரூ’ என்பது நடத்தலைக் குறிக்கும் வினையடி. ‘யூரூயென்’ என்றால் ‘நடக்கின்ற’. ‘மெர்திவென்’ ஏணிக்கும் படிக்கட்டுக்கும் பொதுப்பெயர். ஆக, ‘நடக்கின்ற படிக்கட்டு’ என்பதே பொருள். வினை முன்னே வந்து பெயரைத் தழுவும் இவ்வமைப்பு நம் பெயரெச்சத்தை ஒத்திருத்தல் காண்க. ‘வேலை நடக்கிறது’ என்று நாம் சொல்வதுபோல், துருக்கியரும் ‘இஷ் யூரூயோர்’ என்பர்.

அவர்கள் பிறமொழிச் சொல்லை அறவே விலக்கினர் என்று எண்ணவேண்டா. மெர்திவென் பாரசீகத்திலிருந்து வந்தது. 1932-இல் நிறுவப்பெற்ற மொழிக் கழகம் அரபுச் சொற்களையும் பாரசீகச் சொற்களையும் களைய முயன்றபோதும், மக்கள் நாவில் ஊறிய அச்சொல் நிலைத்து நின்றது. ‘லிப்ட்’டுக்கு அவர்கள் வழங்கும் ‘அசான்சோர்’ பிரெஞ்சுச் சொல்லே. எனினும் நடக்கும் படிக்கட்டைக் கண்டபோது, கண்ணுக்குத் தோன்றியதைத் தம் வீட்டுச் சொற்களாலேயே சொல்லிவிட்டனர்.

ஆங்கிலப் பெயர் பொருளாதாரத்திலும் போரிலும் உலவி வளம் பெற்றது. ஆயினும் முதன்முறை கேட்பவருக்கு அது எதனையும் விளக்குவதில்லை. துருக்கியப் பெயரோ கேட்டவுடனே புரிகிறது. நம்மிடமும் ‘நகரும் படிக்கட்டு’ என்னும் எளிய பெயர் இருக்கிறது. வெளியூரில் வளரும் நம் குழந்தைகள் எஸ்கலேட்டர் என்னும் பெயரைப் பள்ளியிலேயே அறிந்துவிடுவர். ஊரிலிருந்து வரும் பாட்டி அதன்முன் தயங்கி, “இது என்னடா கண்ணா?” என்று வினவும்போது, “நகரும் படிக்கட்டு, பாட்டி, காலை வைத்து நின்றால் போதும், அதுவே கொண்டுபோகும்” என்று சொல்ல அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாதி அச்சம் அப்பெயரிலேயே நீங்கிவிடும். மீதிக்குப் பேரப்பிள்ளையின் கை இருக்கிறது.