மருந்துக்கு மசியாத கிருமி

மயிலிட்டியிற் காசநோய் வைத்தியசாலை இருந்ததை முதியோர் அறிவர். அந்நோய்க்கு ஸ்ரெப்ரோமைசினைத் தனித்துக் கொடுத்தால் சில மாதங்களிற் கிருமி அதற்கு மசியாது போவதை, 1948இல் வெளியான பிரித்தானிய ஆய்வே காட்டிற்று. வேறு மருந்துகளையும் சேர்த்தே அதனை அடக்கினர்.

இன்று இத்தொல்லை புற்றுநோயாளரையும் வருத்துகின்றது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து பணம் திரட்டினார்களே, அயலூரான தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்க! இத்தகைய இடங்களில் ஏற்றும் மருந்து, புற்றோடு உடலின் காவலரான வெண்குருதிக் கலங்களையும் குறைக்கின்றது. அப்போது குடலிற் சும்மா கிடந்த கிருமியே குருதியிற் புகும். காய்ச்சல் கண்டதும் ஒரு மணி நேரத்துள் நுண்ணுயிர்கொல்லி ஊசி ஏற்றல் வேண்டும். கிருமி அதற்கு மசியாவிடில், புற்று கரைந்துவரும் வேளையிலேயே உயிர் போய்விடவுங்கூடும்.

வைரசால் வரும் தடிமனுக்கு நாமாகவே கடையில் வாங்கி விழுங்கும் குளிகையும் குடற்கிருமிகளைப் பழக்குகின்றது. பழகிய கிருமி நம்மோடு நிற்பதில்லை. கைவழியே அடுத்த கட்டிலுக்கும் செல்லும்.