நீரில் ஓடும் ஓடம்: கயாக், கேனோ படகுப் போட்டிகள்

முன்னுரை

சென்னிமலை என்றவுடன் யாவர்க்கும் நினைவில் வருவன இரண்டு. ஒன்று மலைமேல் உள்ள முருகன் கோயில். மற்றொன்று மலையடிவாரத் தறிகளில் நெய்யப்படும் போர்வை. படகு என்று சொன்னால் எவரும் நம் ஊரை நினைக்க மாட்டார்கள். ஊருக்குள் ஆறு ஓடவில்லை; காவிரியைக் காண வேண்டுமானால் ஈரோடு செல்லும் பேருந்தில் ஏற வேண்டும். ஆயினும் ஒரு வியப்பு உண்டு. தறியிலே ஊடுநூலைச் சுமந்துகொண்டு இப்புறமும் அப்புறமும் பாயும் நாடாவிற்கு 'ஓடம்' என்றும் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது. இரு முனையும் கூராக, நடுவில் குழிந்து இருக்கும் நாடாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதைப் பல அடி நீளத்திற்கு வளர்த்தால் அதுவே ஒரு கயாக்!

ஆகவே, அன்புத் தோழியரே, நெசவாளர் ஊரில் வாழும் நாமும் இந்தப் படகுப் போட்டிகளைப் பற்றி அறிந்துகொள்வது பொருத்தமானதே. இவை எத்தகைய படகுகள்? எவ்வாறு ஓட்டுகிறார்கள்? வெற்றி எதனால் கிடைக்கிறது? பெண்கள் இதில் எப்போது சேர்ந்தனர்? நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

இரு வகைப் படகுகள்

கயாக், கேனோ இரண்டும் ஒன்றல்ல. கயாக் என்பது வட துருவத்தை அடுத்த பனி நாடுகளில் வாழும் இன்யூட் மக்களின் வேட்டைப் படகு. மரச் சட்டத்தின் மீது கடல்நாயின் தோலை இழுத்துக் கட்டி அதைச் செய்தார்கள். கேனோ என்னும் சொல் மேற்கிந்தியத் தீவுகளின் பழங்குடி மக்கள் தங்கள் மரப் படகிற்கு வழங்கிய சொல்லிலிருந்து வந்தது. நம் மீனவரின் கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனது போலவே, இவர்களுடைய சொற்களும் உலகமெங்கும் பரவிவிட்டன.

பந்தயத்தில் இவ்விரண்டையும் அடையாளம் காண்பது எளிது. கயாக்கில் கால்களை முன்னே நீட்டி உட்கார வேண்டும். துடுப்பிற்கு இரு முனைகளிலும் அலகு உண்டு. வலமும் இடமும் மாறி மாறி நீரைத் தள்ளலாம். கேனோவிலோ ஒரு முழங்காலை ஊன்றி, மற்றொரு காலை முன்னே வைத்து நிற்க வேண்டும். துடுப்பிற்கு ஒரே அலகு. ஒரு பக்கமாகவே நீரைத் தள்ள வேண்டும்.

போட்டிப் பட்டியலில் 'கே' என்ற எழுத்து கயாக்கையும், 'சி' என்ற எழுத்து கேனோவையும் குறிக்கும். பக்கத்தில் உள்ள எண், படகில் எத்தனை பேர் என்பதைக் கூறும். கே-1 என்றால் ஒருவர் செலுத்தும் கயாக். சி-2 என்றால் இருவர் செலுத்தும் கேனோ. கே-1 படகின் நீளம் 520 சென்டிமீட்டருக்கு மேற்படக்கூடாது. எடை 12 கிலோவிற்குக் குறையக்கூடாது. நால்வர் ஏறும் கே-4 படகு 1100 சென்டிமீட்டர் வரை நீளலாம்.

சிலர் இதனை 'ரோயிங்' எனப்படும் படகு வலித்தலோடு குழப்பிக்கொள்வார்கள். சென்னை அடையாற்றில் 1867ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மெட்ராஸ் படகுக் கழகம் நடத்துவது ரோயிங் ஆகும். அதில் துடுப்பு படகோடு பொருத்தப்பட்டிருக்கும். வலிப்பவர் செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்வார். கயாக்கிலும் கேனோவிலும் துடுப்பு கையில் மட்டுமே இருக்கும். ஓட்டுபவர் முன்னோக்கியே செல்வார்.

படகு ஓடும் விதம்

எங்கள் அறிவியல் பாடத்தில் நியூட்டனின் மூன்றாம் விதியைப் படிக்கிறோம். துடுப்பு நீரைப் பின்னே தள்ளுகிறது. நீர் படகை முன்னே தள்ளுகிறது. ஆனால் அது மட்டும் போதாது. காவிரியில் ஓடும் பரிசலை எண்ணிப் பாருங்கள். வட்டமான அதனை ஒரு பக்கமாகத் தள்ளினால் நேரே போகாமல் சுழலும். ஆகையால்தான் பரிசல்காரர் துடுப்பை முன்புறமாகப் போட்டு இழுக்கிறார். நீண்டு ஒடுங்கிய படகு நீரைக் கிழித்துக்கொண்டு நேரே செல்லும். ஆனால் ஒடுங்கியதாக இருப்பதால் எளிதில் கவிழும். வேகமும் நிலைத்தன்மையும் ஒரே படகில் முழுமையாகச் சேர்வதில்லை.

கேனோவில் மற்றொரு தொல்லை உண்டு. ஒரே பக்கம் துடுப்புப் போடுவதால் விசையின் திருப்புத்திறன் காரணமாகப் படகு மறுபக்கம் திரும்பப் பார்க்கும். கயாக்கில் காலால் இயக்கும் சிறு சுக்கான் இருக்கிறது. ஒருவர் செலுத்தும் பந்தயக் கேனோவில் சுக்கான் கிடையாது. எனவே ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் மணிக்கட்டைத் திருப்பி, துடுப்பாலேயே படகை நேராக்க வேண்டும். நிமிடத்திற்கு எத்தனை வீச்சோ அத்தனை முறையும் இதைச் செய்தாக வேண்டும்!

கையின் வலிமையால்தான் படகு ஓடுகிறது என்று நினைப்பது தவறு. கயாக் வீரர் காலால் மிதிப்பலகையை உதைக்கிறார்; அவ்விசை இடுப்பின் வழியாக முதுகிற்கு ஏறி, தோள் திரும்பும்போது துடுப்பில் இறங்குகிறது. குழித்தறியில் நெய்பவரைப் பார்த்த நமக்கு இது புதிதன்று. கால் மிதிக்க, கை நாடாவை வீச, இரண்டும் ஒரே தாளத்தில் அமைந்தால்தான் துணி சீராக வரும். தாளம் தப்பினால் இழை அறும். படகிலும் அப்படியே. இருவர் செலுத்தும் படகில் முன்னால் இருப்பவர் தாளத்தை வகுக்கிறார். பின்னால் இருப்பவர் அதை இம்மியும் பிசகாமல் பின்பற்றுகிறார். ஒருவர் மட்டும் மிகுந்த பலத்தோடு முந்திப் போட்டால் படகு ஆடுமே தவிர ஓடாது.

போட்டிகளின் வகை

ஒலிம்பிக்கில் இருவகைப் போட்டிகள் உள்ளன. முதலாவது விரைவோட்டம். அசைவற்ற நீரில், மிதவைகளால் பிரிக்கப்பட்ட தடங்களில் படகுகள் ஒருசேரப் புறப்படும். தூரம் 200, 500 அல்லது 1000 மீட்டர். படகின் முனை எல்லைக்கோட்டை முதலில் தொட வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் சி-1 200 மீட்டர்ப் போட்டியில் கனடாவின் கேட்டி வின்சென்ட், அமெரிக்காவின் நெவின் ஹாரிசனை வென்றது ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில்தான்!

இரண்டாவது 'ஸ்லாலம்'. பாய்ந்தோடும் வெள்ளத்தின் மேல் தொங்கவிடப்பட்ட கம்பங்களுக்கிடையே வளைந்து செல்ல வேண்டும். பச்சைக் கம்பங்களை நீரோட்டத்தோடும், சிவப்புக் கம்பங்களை எதிர் நீச்சலாகவும் கடக்க வேண்டும். கம்பத்தைத் தொட்டால் 2 விநாடியும், வாயிலைத் தவறவிட்டால் 50 விநாடியும் தண்டனையாகச் சேரும். இவ்வகைக் காட்டாற்றுப் போட்டியைக் காண நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் மலையிலிருந்து இறங்கும் ஆறுகளில் மலபார் நதித் திருவிழா என்ற பெயரில் கயாக் போட்டிகள் நடைபெறுகின்றன.

பெண்களுக்குத் திறந்த கதவு

1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இப்படகுகள் காட்சிக்காக மட்டும் ஓட்டப்பட்டன. 1936இல் பெர்லினில் முறையான போட்டியாயின. ஆனால் ஆண்களுக்கு மட்டுமே. 1948இல் லண்டனில் பெண்களுக்கு ஒரே ஒரு கயாக் போட்டி கிடைத்தது. அந்தச் சிறு வாயிலின் வழியே எத்தனை பெரியவர்கள் வந்தனர்! ஜெர்மனியின் பிர்கிட் பிஷர் 1980இல் பதினெட்டு வயதில் முதல் தங்கமும், 2004இல் நாற்பத்திரண்டு வயதில் எட்டாவது தங்கமும் வென்றார்.

ஆயினும் கேனோ மட்டும் பெண்களுக்கு மூடியே கிடந்தது. ஒரு முழங்காலிட்டு, ஒரு பக்கமாகவே துடுப்புப் போடுவது பெண்ணுடலுக்குத் தீங்கு என்று கூறினார்கள். 2010இல் உலகப் போட்டியில் பெண்களுக்கும் கேனோ சேர்க்கப்பட்டது. ஒலிம்பிக்கில் சேர்ந்ததோ 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில்தான். ஆண்கள் தொடங்கி எண்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்! அங்கே பெண்கள் கேனோ விரைவோட்டத்தில் முதல் தங்கத்தை வென்ற நெவின் ஹாரிசனின் வயது பத்தொன்பது. நம்மைவிட நான்கே வயது மூத்தவர். பெண்ணுடலால் இயலாது என்று சொன்னவர்களுக்கு இதைவிட நல்ல விடை வேறு உண்டோ?

நமது நாட்டின் சாதனை

1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் சிஜி சதானந்தன், ஜானி ரொம்மல் இருவரும் சி-2 1000 மீட்டரில் வெண்கலம் வென்றனர். அதன்பின் ஆசிய விளையாட்டில் இந்தியா அடுத்த பதக்கம் பெற இருபத்தொன்பது ஆண்டுகள் ஆயின. 2023இல் சீனத்தின் ஹாங்சோவில் அர்ஜுன் சிங், சுனில் சிங் சலாம் இருவரும் அதே போட்டியில் வெண்கலம் பெற்றனர். சுனில் சிங், லோக்தாக் ஏரி உள்ள மணிப்பூரில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர்.

நாங்கள் மிகவும் போற்றுவது பிராச்சி யாதவ் அவர்களை. குவாலியரைச் சேர்ந்த அவருக்கு இடுப்பிற்குக் கீழே இயக்கம் இல்லை. முதலில் நீச்சல் வீராங்கனையாக இருந்து, பின்னர் துடுப்பைக் கையில் எடுத்தார். போபால் நகரத்து ஏரியில் பயிற்சி பெற்றார். மாற்றுத் திறனாளிகளுக்கான போட்டியில் கயாக்கோடு, பக்கத்தில் மிதவை பொருத்திய 'வா' என்னும் பாலினேசியப் படகும் உண்டு. தமிழில் நம்மை அழைப்பது போன்ற பெயர்! டோக்கியோ பாராலிம்பிக்கில் அப்படகில் இறுதிப் போட்டி வரை சென்று எட்டாம் இடம் பெற்றார். பாராலிம்பிக் படகுப் போட்டியில் கலந்துகொண்ட முதல் இந்தியர் அவரே. 2023 ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டில் 'வா' படகில் வெள்ளியும், அடுத்த நாளே கயாக்கில் தங்கமும் வென்றார்.

காலால் உதைத்து விசை பெறுவதே கயாக்கின் அடிப்படை என்று மேலே கண்டோம். அந்தக் கால்வலிமை இல்லாமலே தோளாலும் முதுகாலும் தங்கம் வென்றார் என்பதை எண்ணும்போதுதான் அவருடைய பெருமை முழுவதும் விளங்கும்.

நமக்கு என்ன வேண்டும்?

இப்போட்டியில் சேர விரும்புபவர் முதலில் கற்க வேண்டியது துடுப்பன்று, நீச்சல். கவிழ்ந்த படகிலிருந்து பதறாமல் வெளியேறவும், படகைப் பிடித்துக்கொண்டே கரை சேரவும் பழக வேண்டும். உயிர்காப்பு அங்கி அணிந்து அகலமான படகில் தொடங்கி, சமநிலை கைவந்த பிறகே ஒடுங்கிய பந்தயப் படகில் ஏற வேண்டும்.

இங்கேதான் நாம் பின்தங்கி நிற்கிறோம். எங்கள் வகுப்பில் நீந்தத் தெரிந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அண்ணனும் தம்பியும் தோட்டத்துக் கிணற்றில் சுரைக்குடுவை கட்டி நீந்தக் கற்கிறார்கள். நம்மிடமோ, "தண்ணிப் பக்கம் போயிராதே கண்ணு" என்று அமுச்சி சொல்கிறார். அது அன்பினால் சொல்வதே. கீழ்பவானி வாய்க்காலிலும் கிணறுகளிலும் நீச்சல் தெரியாமல் இறங்கி உயிரிழந்தவர்களைப் பற்றிக் கோடைதோறும் நாளிதழில் படிக்கிறோம். ஆனால் அந்த அச்சத்திற்கு மருந்து நீரை விட்டு விலகுவதன்று. தகுந்த ஆசிரியரிடம், ஆழம் தெரிந்த இடத்தில் நீச்சல் கற்பதே மருந்து.

இரண்டாவதாக, இறங்கத் தகுந்த நீர் வேண்டும். நம் ஊருக்கு அருகே நொய்யல் ஆற்றில் பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992இல் திறக்கப்பட்டது. பந்தயத்திற்கு வேண்டிய அசைவற்ற நீர் இத்தகைய தேக்கங்களில்தான் கிடைக்கும். ஆனால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு அதில் வந்து தேங்கியது. பயிரை வளர்க்க வேண்டிய நீர் பயிரைக் கெடுப்பதாயிற்று. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம், கழிவை முற்றிலும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட்டது. சாயம் தோய்த்த நூல்தான் நம் ஊரில் பல வீடுகளுக்குச் சோறு போடுகிறது என்பதையும் நாங்கள் மறக்கவில்லை. தறியும் ஓட வேண்டும்; ஆறும் ஓட வேண்டும். இரண்டில் ஒன்றைக் கொன்று மற்றொன்று வாழக்கூடாது.

முடிவுரை

நம்மில் எல்லோரும் ஒலிம்பிக்கிற்குப் போகப் போவதில்லை. ஆனால் எல்லோரும் நீந்தக் கற்கலாம். ஓட்டப் பந்தயத்திற்கு மைதானமும், வளையப்பந்துக்கு வலையும் இருப்பதுபோல, பள்ளி மாணவியர்க்கென்று ஒரு நீச்சல் குளம் நம் வட்டாரத்தில் அமையுமாறு பெற்றோரும் பெரியோரும் முயல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பிராச்சி யாதவ் நீச்சலில் தொடங்கித்தான் துடுப்பிற்கு வந்தார். தறியில் ஓடத்தை ஓட்டப் பழகிய சென்னிமலைக்கு, நீரில் ஓடத்தை ஓட்டும் பெண்களை வளர்ப்பது இயலாத செயலன்று. தோழியரே, முதலில் நீந்தக் கற்போம்; துடுப்பு பின்னர் தானே நம் கைக்கு வரும்!