ரூட் பண்ணலாமா? பண்ணினால் வாரண்டி என்ன ஆகும்?

போன இதழில் மழைநீர் சேகரிப்பு பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை எங்கள் வீட்டில் நடந்த விஷயத்தை வைத்தே ஒரு கட்டுரை எழுதுகிறேன். அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுட்டீ, நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டும்"னு சொல்லிட்டான்.

எங்க அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போறாங்க. போன தீபாவளிக்குச் சீட்டுப் பணம் எடுத்து, கோவில்பட்டியில் 9,500 ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினாங்க. ஒரு வருஷம் வாரண்டி. பொங்கல் முடிந்ததும் அந்த போன் "இடம் இல்லை, இடம் இல்லை" என்று சொல்ல ஆரம்பித்தது. நாம் கேட்காமலே போட்டு அனுப்பிய விளையாட்டுகளும் கடை ஆப்புகளும் அதில் நிறைய இருந்தன. அழிக்கப் பார்த்தால் அழியவில்லை. "ரூட் பண்ணிட்டா எல்லாத்தையும் தூக்கிரலாம்" என்று அண்ணன் உட்கார்ந்துவிட்டான்.

ரூட் என்றால் என்ன?

ஆண்ட்ராய்டு போன்கள் லினக்ஸ் என்ற அடிப்படையின் மேல் இயங்குகின்றன. லினக்ஸை 1991-ல் பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் உருவாக்கினார். அதில் எல்லா அதிகாரமும் உள்ளவருக்கு 'ரூட்' என்று பெயர். ரூட் என்றால் வேர்.

நம் பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் வகுப்பில் உட்காரலாம், விளையாட்டுச் சாமான் எடுக்கலாம். ஆனால் தலைமை ஆசிரியர் அறையைத் திறக்க முடியாது. அவரிடம் உள்ள சாவிக்கொத்து நம் கைக்கு வந்தால் எப்படி இருக்கும்? ரூட் பண்ணுவது அதுதான். போன் நம்முடையது என்றாலும் அந்தச் சாவிக்கொத்தை கம்பெனி நம்மிடம் கொடுப்பதில்லை. கொடுத்தால் வேண்டாத ஆப்பை எடுக்கலாம், பழைய போனில் புது ஆண்ட்ராய்டு ஏற்றலாம். அதே சாவி ஒரு கெட்ட ஆப்பின் கையில் சிக்கினால் நம் மெசேஜ், ஓ.டி.பி. எல்லாவற்றையும் அது எடுத்துவிடலாம்.

உங்களுக்குத் தெரியுமா?

உலகில் விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு போன் ஜி1. வந்த வருடம் 2008. அந்த வருடம் நவம்பரில் அதில் ஒரு வேடிக்கையான ஓட்டை தெரிய வந்தது. போனில் நாம் எதை டைப் செய்தாலும், அது ரகசியமாக ரூட்டுக்கும் கட்டளையாகப் போய்க்கொண்டிருந்தது! 'ரீபூட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் போன் தானாக அணைந்து திரும்ப எழுந்தது. அதை வைத்தே பலர் ரூட் செய்தார்கள். பிறகு கூகுள் அந்த ஓட்டையை அடைத்தது.

முதல் பூட்டு

போனை ஆன் செய்ததும் முதலில் எழுவது பூட்லோடர் என்ற சிறிய புரோகிராம். அது ஒரு வாட்ச்மேன் மாதிரி. கம்பெனி கொடுத்த சாப்ட்வேர்தானா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். ரூட் பண்ண வேண்டுமானால் பெரும்பாலும் முதலில் இந்தப் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்ததும் போனில் உள்ள எல்லாம் அழிந்துவிடும். ஏன் என்றால், போனைத் திருடியவன் பூட்டைத் திறந்து நம் படங்களையும் கணக்குகளையும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள்.

"எல்லாம் அழியும்" என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில் வந்தது. அண்ணன் அதை வாசிக்காமலே அமுக்கிவிட்டான். எங்க ஆச்சி மார்கழியில தவறிட்டாங்க. அதற்கு முன்னால் களத்தில் உளுந்து புடைச்சுக்கிட்டே அவங்க என்னைத் திட்டுற ஒரு வீடியோ அந்த போனில்தான் இருந்தது. வேறு எங்கும் எடுத்து வைக்கவில்லை. அது போய்விட்டது. அம்மா அண்ணனைத் திட்டலை. அன்னிக்கு ராத்திரி சாப்பிடவும் இல்லை.

பேங்க் ஆப் ஏன் திறக்கவில்லை?

அடுத்த வாரம் அம்மா குழுப் பணம் அனுப்பப் பார்த்தாங்க. பேங்க் ஆப் திறக்கவில்லை. போன் ரூட் ஆகி இருக்கிறது என்று சொல்லி மூடிக்கொண்டது. 2021 பிப்ரவரி 18-ல் ரிசர்வ் வங்கி, டிஜிட்டல் பணப் பரிமாற்றப் பாதுகாப்பு பற்றி வங்கிகளுக்கு ஒரு உத்தரவு வெளியிட்டது. போன் ரூட் ஆகி இருக்கிறதா என்று ஆப் சோதித்து, ஆகி இருந்தால் வேலை செய்யாமல் தடுக்கும் வழியை ஆராய வேண்டும் என்று அதில் உள்ளது. அம்மா அரை நாள் லீவு போட்டுப் பேங்குக்கு நேரில் போனாங்க. அரை நாள் சம்பளம் போச்சு.

அன்ரூட் பண்ணினால் எல்லாம் பழையபடி ஆகுமா?

அண்ணன் பயந்துபோய் அன்ரூட் பண்ணினான். அதில் மூன்று வேலைகள் இருக்கின்றன.
1. ரூட் கொடுத்த சாப்ட்வேரை நீக்குவது.
2. கம்பெனியின் சொந்த சாப்ட்வேரைத் திரும்ப ஏற்றுவது.
3. பூட்லோடரைத் திரும்பப் பூட்டுவது. இப்போதும் எல்லாம் அழியும். கம்பெனி சாப்ட்வேர் சரியாக ஏறாமல் பூட்டினால் போன் எழுந்திருக்காமலே போய்விடலாம்.

மூன்றும் முடிந்தது. பேங்க் ஆப்பும் திறந்தது. "யாருக்கும் தெரியாது" என்றான் அண்ணன். அப்படி இல்லை. சில கம்பெனி போன்களில் பூட்டைத் திறக்க அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்டது அவர்கள் சர்வரில் பதிவாகிவிடும். சாம்சங் 2013-லிருந்து பல போன்களில் நாக்ஸ் என்ற பாதுகாப்பு வைத்திருக்கிறது. வேறு சாப்ட்வேர் ஏற்றினால் போனுக்குள் இருக்கும் ஒரு நுண்ணிய பியூஸ் போய்விடும். அதை மாற்றவே முடியாது. அதன் பிறகு அந்த போனில் செக்யூர் ஃபோல்டர் வேலை செய்யாது.

நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது சுலபமாகப் புரியும். உரசிய தீக்குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கலாம். பெட்டியை மூடினால் வெளியே தெரியாது. திறந்து பார்த்தால் தெரியும், மறுபடி பற்றவும் பற்றாது.

வாரண்டி என்ன ஆகும்?

வாரண்டி என்பது கம்பெனி நமக்குத் தரும் ஒப்பந்தம். தயாரிப்பில் குறை இருந்தால் இத்தனை காலம் இலவசமாகச் சரி செய்வோம் என்பதுதான் அது. நாம் சாப்ட்வேரை மாற்றினால் இது செல்லாது என்று பல கம்பெனிகள் அதில் எழுதி இருக்கும். கரண்ட் மீட்டரின் சீலை உடைத்துவிட்டு ஈ.பி.காரரிடம் நியாயம் பேசுவது எவ்வளவு கஷ்டமோ, அது மாதிரிதான் இதுவும். கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறும். அதனால் வாரண்டி அட்டையை வாசிப்பது முக்கியம்.

ஆடி மாதம் எங்கள் போன் சார்ஜ் ஏறவில்லை. வாரண்டி இன்னும் முடியவில்லை. சர்வீஸ் சென்டரில் போனை கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு, "பூட்லோடர் திறந்திருக்கீங்க, வாரண்டி கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். அம்மா கேட்டாங்க: "சார்ஜர் குத்துற ஓட்டைக்கும் நீங்க சொல்றதுக்கும் என்ன சார் சம்பந்தம்?" யாரும் பதில் சொல்லலை. 850 ரூபாய் கொடுத்து வேறு கடையில் சரி செய்தோம்.

இதை எங்கள் ஆசிரியரிடம் சொன்னபோது, "உங்கம்மா கேட்டது சரியான கேள்வி, அதை அங்கேயே எழுதி வாங்கியிருக்கணும்" என்றார். அவர் சொன்ன மற்ற விவரங்கள்:
* வாரண்டி இல்லை என்றால் என்ன காரணம் என்று ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.
* தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.
* நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 என்பது 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நமக்குத் தூத்துக்குடி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.
* பில்லையும் வாரண்டி அட்டையையும் தூக்கிப் போடக் கூடாது.

ரூட் பண்ணும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. இது யாருடைய போன்? அவர்களிடம் கேட்டோமா?
2. வாரண்டி இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது?
3. படம், வீடியோ, நம்பர் எல்லாவற்றையும் வேறு இடத்தில் எடுத்து வைத்தோமா?
4. இந்த போனில் பேங்க் ஆப் இருக்கிறதா?
5. திரையில் வரும் ஆங்கில எச்சரிக்கை நமக்கு முழுதாகப் புரிகிறதா?

ரூட் பண்ணுவது பாவம் என்று நான் சொல்லவில்லை. வாரண்டி முடிந்து மூலையில் கிடக்கும் பழைய போன் இருந்தால், அதில் பண்ணிப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று நிறையக் கற்றுக்கொள்ளலாம். அண்ணன் இப்போது அப்படி ஒரு பழைய போனை வைத்துத்தான் படிக்கிறான். அம்மா போனை அம்மாவிடம் கேட்காமல் தொடுவதில்லை.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். போன 850 ரூபாயை அம்மா சம்பாதித்துவிட்டாங்க. ஆச்சி திட்டின வீடியோவை யாராலும் திரும்ப ஏற்ற முடியாது. அதனால் தோழிகளே, தோழர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டு போனில் உள்ள பெரியவர்கள் படத்தை இன்னொரு இடத்தில் எடுத்து வையுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
கடம்பூர்.